கிழக்குக் கடற்கரைச் சாலை விரிவாக்கம்: பகுதி சபையில் நாம் எதைக் கேட்பது?

பாலவாக்கம் வாசி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். திருவான்மியூர் முதல் அக்கரை வரை கிழக்குக் கடற்கரைச் சாலையை ஆறு வழிச் சாலையாக்கும் பணி, நிலம் கிடைத்த இடத்தில் நடப்பதும் கிடைக்காத இடத்தில் நிற்பதுமாகப் பல ஆண்டுகளாக இழுத்துக்கொண்டிருப்பது இங்குள்ள பலருக்கும் தெரிந்ததே. சாலை ஓரிடத்தில் தாராளமாக விரிகிறது. சற்றுத் தூரத்திலேயே ஒரு பழைய கட்டடத்தின் முன் சட்டென்று குறுகி, அதைத் தாண்டியதும் மறுபடியும் விரிகிறது. கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் ஆகியவை 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேரும் வரை தனித்தனி ஊராட்சிகளாக இருந்தவை. இன்று எல்லைக் குறியீட்டுக்குள் மாட்டிக்கொண்டிருக்கும் கடைகளில் பலவும் அந்தக் காலத்தில் எழுந்தவைதாம்.

வார்டின் ஒரு பகுதியில் வசிப்பவர்கள் கூடிப் பேசும் பகுதி சபையின் அடுத்த கூட்டத்தில் இது குறித்து ஒரு தீர்மானம் கொண்டுவருவது என்று எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம் முடிவு செய்திருக்கிறது. என்ன தீர்மானம் என்பதில்தான் சங்கம் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. அலுவலகம் சென்று திரும்புகிறவர்கள், இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு உடனே இடித்து விரிவாக்கட்டும் என்கிறார்கள். கடை வைத்திருப்பவர்களும், கோயிலுக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் சாலையைக் கடந்து போகும் முதியவர்களும், இருக்கிற சாலையை ஒழுங்காகப் பராமரித்தாலே போதும் என்கிறார்கள். எங்கள் மாமன்ற உறுப்பினரோ, சாலை மாநிலத்தின் நெடுஞ்சாலைத் துறைக்கு உரியது, மாநகராட்சியால் இதில் பெரிதாக ஒன்றும் செய்ய இயலாது என்று சொல்லிவிட்டு, தீர்மானம் வந்தால் மாமன்றத்தில் பேசுவதாகவும் உறுதியளிக்கிறார்.

இதற்கு நடுவில், திருவான்மியூரிலிருந்து உத்தண்டி வரை 14.2 கிலோமீட்டருக்கு 2,100 கோடி ரூபாயில் உயர்மட்டச் சாலை அமைக்கப்படும் என்று 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் அறிவிப்பு வந்தது. மேலே சாலை வரப்போகிறது என்றால் கீழே எதற்காக இடிக்க வேண்டும் என்று கடைக்காரர்கள் கேட்பதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. விரிவாக்கத்தால் நெரிசல் உண்மையிலேயே குறையுமா? மாநகராட்சிக்கு இதில் உள்ளபடியே என்ன அதிகாரம் இருக்கிறது? வேண்டும், வேண்டாம் என்ற இரண்டைத் தவிர வேறு ஏதேனும் பயனுள்ள தீர்மானம் உண்டா? இத்துறைகளில் பழக்கமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

சாலைப் பொறியாளர், ஓய்வு (பதில்):

ஐயா, வேண்டுமா வேண்டாமா என்று கேட்டால் எனக்கும் பதில் சொல்லத் தெரியாது. சாலையின் மொத்த அகலத்தை எப்படிப் பங்கிடப்போகிறார்கள் என்ற குறுக்குவெட்டு வரைபடத்தைக் கேளுங்கள். பேச வேண்டியது பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

முதலில் ஒரு கணக்கு. நகரச் சாலைகளின் கொள்ளளவைப் பற்றி இந்தியச் சாலைகள் பேராயம் 1990-இல் வெளியிட்ட ஐ.ஆர்.சி. 106 என்னும் நெறிமுறையில் ஓர் அட்டவணை இருக்கிறது. ஒரு காரை ஓர் அலகாகக் கொண்டு பேருந்து, ஆட்டோ, இருசக்கர வாகனம் ஆகியவற்றையும் அந்த அலகாக மாற்றி, ஒரு சாலை மணிக்கு எத்தனை அலகுகளைத் தாங்கும் என்று அது சொல்கிறது. இருபுறமும் வண்டி ஓடும் இரு வழிச் சாலையின் ஓரத்தில் கடை வாசல்களும் நிற்கும் வண்டிகளும் இல்லாமல், குறுக்குப் போக்குவரத்தும் மிகக் குறைவாக இருந்தால் 1,500 அலகுகள் செல்லலாம். அதே அகலமுள்ள சாலையின் ஓரங்களில் கடைகள் தாராளமாகத் திறந்து, வண்டிகள் நின்று, குறுக்கே போவோரும் மிகுந்தால் அது 900 ஆகிவிடுகிறது. நடுத்தடுப்புள்ள ஆறு வழிச் சாலைக்கு அந்த அட்டவணை 5,400 என்று கொடுக்கிறது; ஓரத்துக் கட்டடங்களுக்கு வழி விட்டாலே, வண்டி நிறுத்தம் இல்லாத நிலையிலும், அது 4,300 ஆகிறது. இழப்பு 1,100. கோடிக்கணக்கில் செலவழித்து நிலம் எடுத்துப் பெறுகிற கொள்ளளவில் ஏறக்குறைய ஓர் இரு வழிச் சாலை அளவை நாம் ஓரத்திலேயே தொலைத்துவிடுகிறோம் என்று இதற்குப் பொருள். எனவே விரிவாக்கத்தால் நெரிசல் குறையுமா என்ற கேள்விக்கு என் பதில், ஓரத்தைக் கட்டுப்படுத்தினால் குறையும், கட்டுப்படுத்தாவிட்டால் புதிதாகக் கிடைக்கும் வழி வண்டி நிறுத்துமிடமாக மாறிவிடும் என்பதே.

அடுத்தது பங்கீடு. மொத்த அகலம் நூறு அடி, அதாவது 30.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வழிக்கு 3.5 மீட்டர் வீதம் ஆறு வழிக்கு 21 மீட்டர் போய்விடும். நடுத்தடுப்புக்கு 1.2 மீட்டர் கொடுத்தால் மீதி 8.3 மீட்டர், ஒரு பக்கத்துக்கு நான்கு மீட்டருக்குச் சற்றே அதிகம். இந்த நான்கு மீட்டருக்குள்தான் நடைபாதை, மழைநீர் வடிகால், மின்கம்பம், மின்மாற்றி, பேருந்து நிறுத்தத்தின் நிழற்குடை, ஆட்டோ நிறுத்தம், மரம் இத்தனையும் அடங்க வேண்டும். நடைபாதையில் தடையில்லாமல் நடப்பதற்கு மட்டும் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும் என்று ஐ.ஆர்.சி. 103 சொல்கிறது, கடைத்தெருக்களில் அதுவே போதாது. வழி ஒவ்வொன்றையும் 3.25 மீட்டராகக் குறைத்தால் ஒன்றரை மீட்டர் மிஞ்சும். ஊருக்குள் செல்லும் சாலைக்கு அது போதுமான அகலம்தான், வண்டிகளின் வேகமும் சற்றே தணியும். என் பணிக்காலத்தில் வரைபடத்தில் நடைபாதை இல்லாத திட்டம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. பணி முடிந்த பிறகு அது அங்கே இருந்ததா என்பது வேறு கதை. நிலம் முழுமையாகக் கிடைக்காத இடத்தில் ஒப்பந்ததாரர் முதலில் கைவைப்பது நடைபாதையில்தான். தார் போட்ட அகலத்தைக் குறைத்தால், முடித்த வேலையின் அளவுகளைப் பதியும் அளவுப் புத்தகத்தில் தெரிந்துவிடும், நடைபாதையைக் குறைத்தால் யாரும் கேட்பதில்லை.

துண்டு துண்டாக விரிவாக்குவதைப் பற்றியும் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். ஒரு சாலையில் எவ்வளவு வண்டி செல்லும் என்பதை அதன் குறுகலான இடமே தீர்மானிக்கிறது. மூன்று வழிகளில் வந்த வண்டிகள் ஒரு கட்டடத்தின் முன் இரண்டு வழிகளுக்குள் நுழையத் தள்ளுமுள்ளு செய்யும்போது, எல்லா இடத்திலும் இரண்டே வழிகள் இருந்தபோது சென்றதைவிடவும் குறைவாகவே வண்டிகள் செல்லும். இரவில் விபத்துக்கும் அதுவே காரணமாகிறது. ஆகவே இடையில் நிற்கும் பகுதிகளில் நிலம் எடுத்து முடியும் வரை, முன்னும் பின்னும் போதிய தூரத்துக்குத் தடுப்பும் ஒளிரும் பலகையும் வைத்து வழிகளைப் படிப்படியாகக் குறைக்குமாறு கேளுங்கள். செலவு மிகக் குறைவு. ஆனால் யாராவது கேட்டால்தான் நடக்கும்.

கடைசியாகப் பணிகளின் வரிசை. மின்கம்பங்களை மாற்றும் வேலை மின்வாரியத்துடையது, குழாய்களை மாற்றுவது குடிநீர் வாரியத்துடையது. செலவுத் தொகையை நெடுஞ்சாலைத் துறை அவர்களிடம் கட்ட வேண்டும். இந்த இரண்டும் முடிவதற்கு முன் தார் போட்டால், போட்ட சாலையை மீண்டும் வெட்டுவார்கள், அல்லது மின்கம்பம் சாலையின் நடுவிலேயே நிற்கும். பழைய தார்ப்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய அடுக்கு போட வேண்டும் என்பதையும் தீர்மானத்தில் சேருங்கள். சாலை மட்டம் உயர்ந்துகொண்டே போனால் மழைநீர் வடிகாலுக்குப் போகாது, உங்கள் தெருக்களுக்குள்தான் வரும்.

சாலையோர மளிகைக்காரர் (பதில்):

பொறியாளர் ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. கடைக்காரர்கள் எல்லோரும் விரிவாக்கத்துக்கு எதிரிகள் என்ற எண்ணம் இந்த விவாதங்களில் எப்போதும் இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. என் தந்தையார் தொடங்கிய கடையை இதே சாலையில் வாடகைக்கு நடத்தி வருகிறேன். அகலமான சாலையால் எனக்கு நட்டமில்லை. நான் பயப்படுவது இடிப்பதைப் பார்த்து அன்று. இடிப்பார்களா மாட்டார்களா, எப்போது, எவ்வளவு என்று தெரியாமல் ஆண்டுக்கணக்கில் காத்துக்கிடப்பதைப் பார்த்துத்தான்.

சுவரில் அளவுக் குறியீடு போட்டுவிட்டுப் போன நாள் முதல் கட்டட உரிமையாளர் ஓர் ஆணிகூட அடிப்பதில்லை. கூரை ஒழுகினால், எப்படியும் இடிக்கப்போகிறார்கள் என்கிறார். வங்கியில் கடையை விரிவாக்கக் கடன் கேட்டால், இடம் விரிவாக்கத்துக்குள் வருகிறதே என்கிறார்கள். குளிர்சாதனப் பெட்டி ஒன்று புதிதாக வாங்கலாமா என்று நானே பலமுறை யோசித்து விட்டுவிட்டேன். இந்த நட்டத்தை எந்த இழப்பீட்டுக் கணக்கிலும் சேர்க்க முடியாது. இதுவே குறிப்பிட்ட தேதிக்குள் காலி செய்ய வேண்டும் என்று எழுத்தில் தெரிந்திருந்தால், உள்தெருவில் ஓர் இடம் பார்த்து, வாடிக்கையாளர்களுக்கும் சொல்லி, எப்போதோ மாறியிருப்பேன்.

இரண்டாவது, நிலத்துக்கும் கட்டடத்துக்கும் வரும் பணம் உரிமையாளருக்குப் போகும். வாடகைக்கு இருப்பவருக்கு அவர் கொடுத்த முன்பணம் திரும்பி வந்தாலே பெரிய காரியம். எங்கள் வரிசையில் தையல் கடை, சைக்கிள் கடை, செருப்பு தைப்பவர், இட்லி மாவு அரைத்து விற்கும் அம்மா எல்லோரும் வாடகைக்கு இருப்பவர்கள் அல்லது வாசலில் இடம் பிடித்துப் பிழைப்பவர்கள். சங்கக் கூட்டத்தில் இவர்கள் பேசுவதில்லை. அவர்களை யாரும் அழைப்பதுமில்லை. தீர்மானத்தில் இவர்களுக்கு ஒரு வரியாவது இருக்க வேண்டும்.

மேலே சாலை வந்தால் கீழே எதற்கு இடிப்பு என்று கேட்பவர்களில் நானும் ஒருவன். அதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

நில எடுப்பு வழக்குகள் (பதில்):

வழக்கறிஞராக இவ்வகை வழக்குகளில் ஈடுபட்டிருப்பதால் சட்ட நிலையை மட்டும் சொல்கிறேன்.

மாநில நெடுஞ்சாலைக்கான நிலம் 2001-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 15-ஆவது பிரிவின்கீழ் எடுக்கப்படுகிறது. நிலத்தை ஏன் எடுக்கக் கூடாது என்று காரணம் காட்ட உரிமையாளருக்கும் அந்நிலத்தில் நலன் உடைய பிறருக்கும் அறிவிப்புக் கொடுத்த பிறகே இறுதி அறிவிக்கை வரும். 2013-இல் மத்திய அரசு கொண்டுவந்த நில எடுப்புச் சட்டத்தில் உள்ள சமூகத் தாக்க மதிப்பீடு, அதாவது நில எடுப்பால் மக்களுக்கு வரும் பாதிப்பை முன்கூட்டியே ஆராய்வது, இதற்குப் பொருந்தாது; ஆனால் இழப்பீட்டை அந்தச் சட்டத்தின் அளவுகோல்படிதான் நிர்ணயிக்க வேண்டும். இந்த ஏற்பாட்டுக்கு ஆதாரமான மாநிலச் சட்டங்களைச் சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஜூலையில் செல்லாது என்றது. அதே ஆண்டு சட்டமன்றம் அவற்றுக்கு மீண்டும் உயிர் கொடுத்து ஒரு சட்டம் இயற்றியது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்று உறுதி செய்தது. பல இடங்களில் நில எடுப்பு இடையில் நின்று தொடர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். இன்றைய நிலையில், சமூகத் தாக்க மதிப்பீட்டுக் கூட்டம் என்று ஒன்று நடக்கும், அங்கே பேசிக்கொள்ளலாம் என்று யாரும் காத்திருக்க வேண்டாம். காரணம் காட்டும் அறிவிப்புக்கு எழுத்துமூலம் கொடுக்கும் பதிலும், நீங்கள் குறிப்பிடும் பகுதி சபையும்தான் பேசுவதற்கு உள்ள இடங்கள்.

இழப்பீட்டுக் கணக்கில் சந்தை மதிப்போடு கட்டடம், மரம் முதலியவற்றின் மதிப்பைச் சேர்த்து, அந்தக் கூட்டுத்தொகைக்குச் சமமான தொகையை ஆறுதல் தொகையாகவும் கொடுக்க வேண்டும். சந்தை மதிப்பின்மீது, தீர்வம், அதாவது இழப்பீட்டை முடிவு செய்யும் ஆணை, பிறப்பிக்கும் வரையிலான காலத்துக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு தனியாக உண்டு. பத்திரப் பதிவில் குறைத்துக் காட்டப்பட்ட விலைகளை வைத்துச் சந்தை மதிப்பைக் கணக்கிடும்போதுதான் பெரும்பாலான தகராறுகள் எழுகின்றன. பட்டா, வில்லங்கச் சான்று, கட்டட அனுமதி, சொத்து வரி ரசீது ஆகியவற்றை உரிமையாளர்கள் இப்போதே சரிபார்த்துக்கொள்வது நல்லது. வாரிசுகள் பலர் இருந்து பட்டா தாத்தா பெயரிலேயே கிடந்தால் பணம் நீதிமன்றத்தில் போய் உட்கார்ந்துவிடும்.

வாடகைதாரர்களைப் பற்றி மளிகைக்காரர் கேட்டது நியாயம். 2013 சட்டத்தில் பாதிக்கப்பட்ட குடும்பம் என்பதற்கான வரையறை, நிலம் சொந்தமில்லாவிட்டாலும் மூன்றாண்டுகளாக அவ்விடத்தில் தொழில் செய்து அதையே முதன்மை வாழ்வாதாரமாகக் கொண்டவர்களையும் உள்ளடக்குகிறது. அதன் இரண்டாம் அட்டவணை சிறு வணிகர்களுக்கும் கைவினைஞர்களுக்கும் குறைந்தது 25,000 ரூபாய் ஒருமுறை உதவித்தொகை என்று குறிப்பிடுகிறது. தொகை சிறியதுதான், தானாக வீடு தேடியும் வராது. வாடகை ஒப்பந்தம், தொழில் உரிமம், மின் கட்டண ரசீது இவற்றோடு இந்த அட்டவணையைக் குறிப்பிட்டு எழுத்தில் கோர வேண்டும். வாசலில் விற்பவர்களுக்கு 2014-ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டம் இருக்கிறது. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கும் வரை அவர்களை அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாற்றுவதானாலும் முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டும். சாலையோர விற்பனை தொடர்பானவற்றைக் கவனிக்கும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது நாற்பது விழுக்காட்டினர் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும் என்றும் அச்சட்டம் சொல்கிறது. இந்தக் குழு மாநகராட்சியின் பொறுப்பில் உள்ளது.

மாமன்ற உறுப்பினர் சொன்னது பாதி சரி. தார் போடும் முடிவு மாநகராட்சியினுடையது அன்று. ஆனால் கட்டட அனுமதி, வண்டி நிறுத்த விதிகள், விற்பனை மண்டலம், தெருவிளக்கு, சாலையில் வந்து சேரும் உள்தெருக்கள் எல்லாம் அதன் கையில்தான் இருக்கின்றன. பொறியாளர் ஓரம் என்று எதைச் சொல்கிறாரோ அதில் பெரும்பகுதி மாநகராட்சியினுடையது. அதோடு, புதிய கட்டடங்களுக்கு அனுமதி வாங்கியவர்கள் சாலை விரிவாக்கத்துக்கென முகப்பு நிலத்தைத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுத்திருப்பார்கள். அந்த நிலங்கள் உண்மையில் சாலையோடு சேர்க்கப்பட்டனவா, அல்லது அதே கட்டடத்தின் வண்டி நிறுத்தமாகவே இருக்கின்றனவா என்று மாநகராட்சியிடம் பட்டியல் கேளுங்கள். ஏற்கெனவே பொதுவாகிவிட்ட நிலத்தை விட்டுவிட்டுப் பக்கத்துப் பெட்டிக்கடையை இடிப்பது முறையன்று.

ஈஞ்சம்பாக்கம் ஆசிரியை (பதில்):

பொறியாளர் ஐயாவின் கணக்கு முழுவதும் வண்டிகளின் கணக்காக இருக்கிறது. நான் பேருந்தில் பள்ளிக்குச் சென்று வருபவள். என் கணக்கு வேறு.

ஆறு வழிகளின் அகலம் 21 மீட்டர் என்கிறீர்கள். நொடிக்கு ஒரு மீட்டர் நடக்கும் ஒரு முதியவர் இதைக் கடக்க 21 நொடிகள் வேண்டும்; கையில் குழந்தை, பை, முழங்கால் வலி என்றால் இன்னும் கூடும். நடுத்தடுப்பில் நின்று மூச்சு வாங்குவதற்கு 1.2 மீட்டர் போதாது, ஒரு சக்கர நாற்காலியோ தள்ளுவண்டியோ அதில் பாதுகாப்பாக நிற்காது. சாலையை விரிவாக்கிய இடங்களில் வண்டிகளின் வேகம் கூடியிருப்பதை ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன். கடக்கும் வசதி மட்டும் அப்படியே இருக்கிறது. 2022-இல் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள் என்று மத்திய அரசின் அறிக்கையே சொல்கிறது. இதற்கு நடை மேம்பாலம் தீர்வு என்று யாரும் கிளம்ப வேண்டாம். இரண்டு மாடிப் படி ஏறி இறங்கிப் பேருந்து பிடிக்க முடிந்தவர்களுக்கு அது தேவையே இல்லை, தேவைப்படுகிறவர்களால் ஏற முடியாது. மின்தூக்கி வைப்பார்கள், அது ஓடினால் செய்தி.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருப்பவர்களுக்குப் பேருந்தை விட்டால் வேறு பொதுப் போக்குவரத்து இல்லை. மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் வரும் தடம் பக்கிங்காம் கால்வாய்க்கு அந்தப் பக்கம், பழைய மகாபலிபுரம் சாலையில் போகிறது. அதைப் போய்ச் சேர்வதற்குக் கால்வாயின் குறுக்கே உள்ள வழிகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. நீலாங்கரைக்கும் துரைப்பாக்கத்துக்கும் இடையே பாலம் வேண்டும் என்பது எத்தனை காலத்துக் கோரிக்கை என்று இங்குள்ளவர்களுக்குத் தெரியும். கடற்கரைப் பக்கம் குடியிருந்து மென்பொருள் நிறுவனங்களுக்குப் போகிறவர்கள் அத்தனை பேரும் திருவான்மியூருக்கோ அக்கரைக்கோ போய்ச் சுற்றிக்கொண்டு செல்வதால்தான் இந்தச் சாலையின் நெரிசலில் ஒரு பகுதி உண்டாகிறது. குறுக்குப் பாலங்களைப் பேருந்து செல்லும் அகலத்தில் கட்டினால் இங்கே இடிக்காமலேயே சாலை சற்று மூச்சுவிடும் என்பது என் எண்ணம்.

அந்தப் பக்கத்துச் சாலையையே பாருங்கள். மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரை ஆறு வழியாக்கி 2008-இல் திறந்தார்கள். சில ஆண்டுகளிலேயே சோழிங்கநல்லூர் சந்திப்பில் காலை நேரம் எப்படி இருந்தது? மெட்ரோ பணி தொடங்குவதற்கு முன்பிருந்த நிலையைத்தான் சொல்கிறேன். அகலமான சாலை இன்னும் அதிகமான கார்களை வரவழைத்தது, அடுக்குமாடிகளும் வந்தன, மறுபடியும் அடைத்துக்கொண்டது. ஆகவே எனக்கு ஆறு வழி என்பதிலேயே நம்பிக்கை இல்லை. நான்கு வழியும் அகலமான நடைபாதையும் பேருந்து ஒதுங்கும் இடங்களும் நூறு அடிக்குள் வசதியாக அடங்கும்.

சாலைப் பொறியாளர், ஓய்வு (பதில்):

அம்மா, கடக்கும் நேரத்தைப் பற்றி நீங்கள் சொன்னதை நான் மறுக்கவில்லை. நடுத்தடுப்பில் கடக்கும் இடங்களில் மட்டுமாவது இரண்டு மீட்டர் அகலத்தில் நிற்குமிடம் வேண்டும், சிக்னலில் நடப்பவர்களுக்கென்று தனி நேரம் வேண்டும். குறுக்குப் பாலங்கள் பற்றியும் உடன்படுகிறேன். ஆனால் பழைய மகாபலிபுரம் சாலையின் எடுத்துக்காட்டை அப்படியே இங்கே பொருத்த இயலாது. அங்கே ஆயிரக்கணக்கில் வேலைவாய்ப்புகள் குவிந்தன. சாலையை விரிவாக்காமல் இருந்திருந்தாலும் கூட்டம் வந்திருக்கும். இங்கே வார இறுதியில் மாமல்லபுரத்துக்கும் புதுச்சேரிக்கும் போகும் வண்டிகளை நான்கு வழியில் உள்ளூர்ப் பேருந்தோடு சேர்த்து அனுப்புவது கடினம். இந்த இடத்தில் நாம் இருவரும் ஒத்துப்போகப் போவதில்லை.

மளிகைக்காரரின் கேள்வியை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். உயர்மட்டச் சாலை வருமானால் வெளியூர் வண்டிகள் மேலே போய்விடும். அப்போது கீழே ஆறு வழி தேவையா என்று கேட்பது முற்றிலும் நியாயமானது, ஆசிரியையின் நான்கு வழி யோசனைக்கும் அப்போது வலு கூடும். ஆனால் அதனால் கீழே அகலம் தேவைப்படாமல் போய்விடாது. தூண்கள் நிற்க நடுவில் இரண்டு, இரண்டரை மீட்டராவது வேண்டும். ஏறுதளமும் இறங்குதளமும் தரையைத் தொடும் இடங்களில் ஏழெட்டு மீட்டர் கூடுதலாகப் போய்விடும். அங்கே கீழ்ச்சாலை ஒதுங்கிச் செல்ல மறுபடியும் நிலம் வேண்டியிருக்கும். இப்போது 1.2 மீட்டருக்குக் கட்டும் நடுத்தடுப்பை நாளை இடித்துத் தூண் போட்டால், அந்த அகலத்தை மீண்டும் நடைபாதையிலிருந்துதான் எடுப்பார்கள். அதனால் இரண்டு திட்டங்களின் வரைபடங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். இறங்குதளங்கள் எந்தெந்த இடங்களில் என்பது முடிவாகும் வரை, அந்த இடங்களுக்கு அருகில் ஒரே கட்டடத்தை இரண்டு முறை இடிக்கும் நிலை வரக் கூடாது.

பாலவாக்கம் வாசி:

எல்லோருக்கும் நன்றி. ஆதரவா எதிர்ப்பா என்ற தலைப்பையே தீர்மானத்திலிருந்து எடுத்துவிடலாம் என்று சங்கச் செயலாளரிடம் பேசியிருக்கிறேன். அதற்குப் பதிலாக, எங்கள் வார்டு எல்லைக்குள் ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் சாலையின் குறுக்குவெட்டு வரைபடத்தைப் பொதுவில் வைக்க வேண்டும், அதில் உயர்மட்டச் சாலையின் தூண்களும் இறங்குதளங்களும் காட்டப்பட வேண்டும், ஒவ்வொரு கட்டடத்திலும் எவ்வளவு எடுக்கப்படும், எந்தத் தேதிக்குள் என்பதை எழுத்தில் தர வேண்டும், வாடகைதாரர்களையும் வாசல் வியாபாரிகளையும் கணக்கெடுக்க வேண்டும், தானமாகப் பெற்ற நிலங்களின் பட்டியலை மாநகராட்சி வெளியிட வேண்டும் என்று வரைவு எழுதியிருக்கிறேன். ஆறா நான்கா என்பதை வரைபடத்தைப் பார்த்த பிறகு பேசிக்கொள்ளலாம். தையல் கடைக்காரரையும் மாவு விற்கும் அம்மாவையும் கூட்டத்துக்கு நேரில் அழைத்து வருவதாக மளிகைக்காரர் ஒப்புக்கொண்டால் நல்லது.

நில எடுப்பு வழக்குகள்:

வரைவு நன்றாக இருக்கிறது. இரண்டு திருத்தங்கள். முதலாவது, எல்லாவற்றையும் ஒரே தீர்மானமாக எழுதாதீர்கள். மாநகராட்சி செய்ய வேண்டியவற்றை ஒரு தீர்மானமாகவும், நெடுஞ்சாலைத் துறையிடம் கேட்க வேண்டியவற்றை இன்னொன்றாகவும் பிரியுங்கள். சேர்த்து எழுதினால் இது எங்களுடையதன்று என்று இரண்டு அலுவலகங்களும் திருப்பி அனுப்பிவிடும். இரண்டாவது, தீர்மானம் நிறைவேறியதும் கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் அது எழுதப்பட்டதைப் பார்த்துவிட்டு, அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். நகலோடு, நெடுஞ்சாலைத் துறையின் கோட்டப் பொறியாளர் அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வரைபடங்களைக் கேட்டு ஒரு மனுவும் போடுங்கள். பகுதி சபைத் தீர்மானம் அத்துறையைக் கட்டுப்படுத்தாது. ஆனால் தகவல் மனுவுக்கு முப்பது நாளில் பதில் சொல்லியாக வேண்டும்.

சாலையோர மளிகைக்காரர்:

அழைத்து வருகிறேன். கூட்டத்தைக் காலையில் வைக்காதீர்கள். மாவு வியாபாரம் பத்து மணி வரை இருக்கும்.